சைரன் ஊதியபோது நாங்கள் ஓடிய பக்கம்

போன வருடக் கோடை விடுமுறையில், பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பிரான்சில் ஒரு சின்ன ஆற்றங்கரைக் கிராமத்தில் சைரன் ஊதத் தொடங்கியது. மகள் இன்னும் வரவில்லையே என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அதனால்தான் நேரம் நினைவில் நிற்கிறது.

நாங்கள் ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருப்பவர்கள். அடுத்த நாள் பாரிசில் கணவரின் தமையனார் வீட்டில் கல்யாணம். வழக்கமாக எங்கும் நிற்காமல் போய்விடுவோம். அந்த முறை மகள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பாடத்துக்கு ஒரு கிராமத்தின் புவியியலையும் வரலாற்றையும் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அவள் தெரிவு செய்த ஊர், பெல்ஜியத்தைத் தாண்டியதும் எங்கள் வழியிலேயே இருந்தது.

காருக்குள் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு. ஆறு ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. மலையில் கூரைக்குப் போடும் கறுப்புக் கற்பலகை வெட்டினார்கள். அதனால் கூரைகள் எல்லாம் கறுப்பு. ஆற்றோரத் தெருவில் தோல் பதனிடுகிறவர்களும் படகுக்காரரும் இருந்தார்கள். எல்லை பக்கத்தில் என்பதால் இந்த ஊர் பல அரசர்களின் கை மாறியது. போரில் பாலம் உடைந்தது. நான் உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவள். ஆற்று வளைவைக் கொப்பியில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். ஆனால் ஆற்றோடு வாழ்ந்ததில்லை.

"யாழ்ப்பாணத்தில ஆறே இல்லைப் பிள்ளை. கிணத்தைப் பற்றிக் கேள், விடிய விடியச் சொல்லுறன்" என்றார் கணவர்.

"கிணத்துக்கு ஆர் அப்பா மார்க்ஸ் போடுவினம்?" என்றாள் அவள்.

ஊருக்கு வந்ததும், கீழ்க்கோடியில் உள்ள பழைய ஆலையைப் படம் எடுக்க மகள் போனாள். நாங்கள் ஆற்றோரத்தில் காரை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் பிரித்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் கொஞ்சம் மண்ணிறமாக ஓடியது. அது எங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

சைரன் ஊதியதும் நான் யோசிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆற்றங்கரைச் சுவரில் கற்படிகள் கீழே இறங்கின. அங்கே வளைவான கூரையோடு ஒரு பழைய கிடங்கு திறந்து கிடந்தது. உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக் குந்தினோம். காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தேன். அவர் என் தலையைக் கையால் அமத்திப் பிடித்தார். ஜெர்மனியில் பரிசோதனைக்குச் சைரன் ஊதும் நாட்களிலும் என் கால் கெல்லர் என்கிற நிலவறையின் படியைத்தான் தேடும். எங்கள் ஊரில் ஆபத்து வானத்திலிருந்து, குண்டு போடும் பொம்மரில் வந்தது. பதுங்குகுழிக்குள் இறங்கியவர்கள் பிழைத்தார்கள்.

எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. பாதத்தில் குளிர்ந்தது. வாசலால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதோடு கிளைகளும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும்.

"இது பொம்மர் இல்லையப்பா, வெள்ளம்! எழும்பும்!" என்று அவர் கத்தினார்.

மேலே எங்கோ மலையில் மழை கொட்டியிருக்கிறது. இங்கே வெயில் எறித்துக்கொண்டிருந்தது. படியில் ஏறும்போது தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. தெருவில் ஒருவருமில்லை. கதவுகள் பூட்டியிருந்தன. கைபேசியில் சிக்னல் இல்லை. மகள் போன ஆலை எங்களைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தது.

நான் ஆலைப் பக்கம் ஓடினேன். தெரு வளைவில் ரப்பர் சப்பாத்து போட்ட ஒரு மனிதர் குறுக்கே வந்து கையை விரித்தார். பிரெஞ்சில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லி மலைப் பக்கம் காட்டினார். நான் ஜெர்மனில் "என் மகள், என் மகள்" என்று கத்தினேன். அவர் மறுபடியும் மலையையே காட்டினார். என் பிள்ளையை விட்டுவிட்டு என்னை மட்டும் தப்பச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருடைய கையைத் தட்டிவிட்டுப் போனேன். கொஞ்சத் தூரத்தில் தெருவே இல்லை, தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்குள் காலை வைத்தபோது, கணவரும் அந்த மனிதருமாகச் சேர்ந்து என்னைப் பின்னால் இழுத்தார்கள். நான் கணவரின் கையைக் கடித்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை.

அப்போதுதான் மேலிருந்து "அம்மா!" என்று கேட்டது.

தேவாலயத்திலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மகள் வந்துகொண்டிருந்தாள். உடம்பில் ஒரு துளி ஈரம் இல்லை. என் வயதுப் பெண் ஒருத்தி அவளுடைய மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். சைரன் ஊதியதுமே ஆலைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து, அவளைக் கையோடு மேலே கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். ஊர்ச்சனம் எல்லாம் அங்கே நின்றதாம். எங்களை மட்டும் காணவில்லையாம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இந்த ஊரில பிள்ளையைக் காணேல்லை எண்டால், முதல்ல மேலதான் தேடுறதாம் அம்மா" என்றாள் மகள். பிறகு என் நனைந்த சேலையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மேல ஓடேக்க, நீங்கள் ஏன் கீழ போனனீங்கள்?" என்று கேட்டாள்.

நாட்டில் சண்டை நடந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய வயதில் நான் எங்கே, எப்படிக் குந்தியிருந்தேன் என்பதை அந்த நாள்வரை நாங்கள் அவளுக்குச் சொன்னதே இல்லை. இன்றைக்கும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.