நான் நிறுத்திய லாரி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லாரியை நிறுத்தினேன்.

கை காட்டி நிறுத்தவில்லை. லாரிக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, மும்பை வாஷியில் ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில், நட்டநடுவில் நிறுத்தினேன். டிரைவர் நான் இல்லை. அதுதான் பிரச்சினையே.

என் வீரதீரங்கள் இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதா என்ன? லிஃப்ட் நின்றுவிட்டது என்று செம்பூர் முழுக்கக் கேட்கும்படி நான் கூவியதும், வாட்ச்மேன் வந்து கதவைத் திறந்து "சார், நீங்க பட்டனே அமுக்கல" என்றதும் உங்களுக்குத் தெரியும். கேஸ் கசிகிறது என்று மூன்று வீட்டாரை மாடியிலிருந்து இறக்கிவிட்டு, கடைசியில் அது பக்கத்து வீட்டுப் பெருங்காயம் என்று தெரிந்ததும் உங்களுக்குத் தெரியும். சிரித்தீர்கள். பயத்தை விற்றே எனக்குப் பிழைப்பு ஓடுகிறது.

இந்த வாரம் அப்படி எழுத வரவில்லை.

வாஷி மார்க்கெட் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். தாத்தா வாங்கிய முதல் லாரி ஒரு பெட்ஃபோர்டு. இங்கிலீஷ் வண்டி. நீண்ட மூக்கு, உப்பின கன்னம், பந்தியில் அப்பளம் வைக்க மறந்ததால் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒரு முகம். எப்போதோ விற்றுப் போன அந்த லாரியைப் பேரன் தேடி அலைந்து, ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் கண்டுபிடித்து, பழைய இன்ஜினையே சரிசெய்து, பழைய நீலப் பெயின்ட்டையே அடித்து நிறுத்தியிருக்கிறார். பேரனை எல்லோரும் 'சின்னவர்' என்கிறார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். தங்கமான பிள்ளை.

நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விழா. கோடவுனிலிருந்து கல்யாண மண்டபம் வரை ஊர்வலம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் முதல் வண்டியாக அந்த பெட்ஃபோர்டு. ஓட்டப்போவது மைதீன் பாய்.

அதாவது, போன ஞாயிறு காலை வரை மைதீன் பாய்.

பாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. தாராவியில் மகள் வீட்டில் இருக்கிறார். கடையநல்லூர்க்காரர். இதே லாரியை இளவயதில் வருஷக்கணக்காக ஓட்டியவர். லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு முறையும் தவறியதில்லை. "எதுக்கு வாப்பா, நீங்க என்ன லோடா அடிக்கப் போறீங்க?" என்று மகள் கேட்டால், "கூப்பிட்டா போகணும்லா" என்பாராம். கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு அங்கே என்ன வேலை? விழா மலருக்கு ஒரு கட்டுரை. பழைய டிரைவர்களோடு பேசி, ஒத்திகையில் லாரியில் ஒரு சுற்றும் சுற்றி எழுத வேண்டும். லாரியில் சுற்றுவதா? வீட்டில் என் கார் கியரே இல்லாத ஆட்டோமேட்டிக். அதிலேயே ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் சாமி கும்பிடுகிறவன் நான்.

கோடவுன் வாசலில் டீக்கடை. பாயோடு விக்ரோலியிலிருந்து சண்முகம் அண்ணாச்சியும் வந்திருந்தார். அதே கம்பெனியில் இன்னொரு பெட்ஃபோர்டு ஓட்டியவர். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் நடுவில் புகுவதற்கு இடமே கிடைக்காது.

"போகும்போது வெங்காயம், வரும்போது தீப்பெட்டி" என்றார் பாய். "சாத்தூர்ல தீப்பெட்டி லோடு ஏத்துனா, இங்க வந்து எறக்குற வரைக்கும் கேபின்ல பீடி கெடையாது. மஸ்ஜித் பந்தர்ல கடைசி பண்டல் எறங்குனதும், அண்ணாச்சி நேரா கடலப் பாத்துப் போவாரு."

"பெறவு? ஒம்மள மாதிரி வெத்தலை போட்டுக்கிட்டு அசை போடச் சொல்லுதீரா?" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பீடிய ஒண்ணாப் பத்த வைப்பேன் தம்பி. ஒண்ணு போன வழிக்கு, ஒண்ணு வந்த வழிக்கு."

கண்டாலா மலைப்பாதையின் அடிவாரத்தில் கம்பெனி லாரிகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்குமாம். எல்லாம் நீல பெட்ஃபோர்டு. எல்லாம் சேர்ந்த பிறகுதான் ஏற்றம். முன்னால் போகிறவன் இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த கியருக்கு மாறுகிறான் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியுமாம். மீட்டரில் எல்லாம் மைல். பாய் இன்றைக்கும் "நாற்பதுல போனேன்" என்றால் அது மைல்தான். கிளீனர் மடியில் ஒரு மரக்கட்டை. ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும்.

"இன்னைக்கு நீருதான் கிளீனர்" என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து. "குதிப்பீரா?"

"குதிப்பேன். ஒரு வாரம் முன்னால சொல்லணும்."

"வேண்டாம் தம்பி. வண்டி நின்னாலும் நிக்கட்டும், நீங்க உக்காந்தே இருங்க" என்றார் பாய்.

அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். இதுதான் முக்கியம். இந்த வண்டியில் கியரைக் குறைக்க வேண்டுமானால், நம் கார் மாதிரி தள்ளிவிட முடியாது. கிளட்ச்சை அமுக்கி கியரை எடுத்து, வண்டியை ஒரு நொடி அந்தரத்தில் விட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜினைக் கத்த வைத்து, மறுபடி கிளட்ச்சை அமுக்கிச் சின்ன கியரில் போட வேண்டும். டபுள் கிளட்ச். "அந்த ஒரு நொடி வண்டி யாரு கையிலயும் இல்ல தம்பி. பழகாதவன் பதறிருவான்."

தெளிவாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். என் கவனமெல்லாம் வடாபாவுக்குள் ஒளிந்திருந்த பச்சை மிளகாய் மேல் இருந்தது.

"இந்த வண்டியை எப்ப பாய் விட்டீங்க?" என்று கேட்டேன்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"விடல தம்பி. தங்கச்சி நிக்காஹ்னு லீவு போட்டேன். சாவியக் குடுத்துட்டு பஸ்ஸப் பிடிக்க ஓடிட்டேன். வேற ஆளு எடுத்துட்டுப் போனாரு. சாத்தாராகிட்ட ஆக்ஸில் போயிட்டு. கம்பெனி அங்கனயே வித்துட்டு. நான் திரும்பி வந்தா வண்டி நின்ன எடத்துல எண்ணெய்க் கறைதான் கெடக்கு."

அண்ணாச்சிதான் எனக்கு விளக்கினார். ஓட்டம் முடிந்ததும் இன்ஜினைச் சட்டென்று அணைக்க மாட்டார்களாம். கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டு, சூடு தணிந்ததும் டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டி "வாரேன்" என்று சொல்லி, ஓட்டினவன் தன் கையால் அணைக்க வேண்டும். வண்டியை விட்டுப் போகிறவன் இதைச் செய்யாமல் போகக் கூடாது. பாய்க்கு அது நடக்கவில்லை. "மண்டபத்து வாசல்ல போயித் தட்டிட்டு எறங்கணும்னு மூணு மாசமாச் சொல்லுதாரு. வேற ஒண்ணும் அவருக்கு வேண்டாம்."

ஏறினோம். பாய் ஸ்டீயரிங்கில். நான் கிளீனர் சீட்டில், மடியில் கட்டையோடு. பின்னால் சின்னவர் தன் புது காரில், கம்பெனி டிரைவரோடு. மேம்பாலத்தில் ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும். ஒழுங்காக வந்துவிட்டால் ஊர்வலத்தில் பாய்தான்.

முதல் கொஞ்ச தூரம் எனக்கே சந்தோஷமாக இருந்தது. பழ லாரிக்காரர்கள் ஓரம் கட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ரிக்‌ஷாக்காரர் சலாம் வைத்தார். பாய் முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஏற்றம் வந்தது. வண்டி முனகியது. பாய் கியரை எடுத்தார்.

இப்போது யோசித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கிளட்ச், அந்தரம், இன்ஜின் கத்தல். பாடத்தில் சொன்னது சொன்னபடி. ஆனால் அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது என்ன? கியர் கழன்றுவிட்டது. இன்ஜின் தனியாக அலறுகிறது, லாரி ஏற மறுக்கிறது. இனி பின்னால்தான் உருளும். பின்னால் சின்னவரின் புது கார். அதற்குள் சின்னவர்... தங்கமான பிள்ளை... இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை...

கட்டையோடு குதித்திருக்கலாம். குதிக்கத் தைரியம் வேண்டும். என்னிடம் இருந்தது பயம் மட்டும். கண்ணுக்கு எதிரே ஹேண்ட் பிரேக் கம்பி. இரண்டு கையாலும் பிடித்து, அம்மா என்று இழுத்தேன்.

பாய் அப்போதுதான் சின்ன கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டார். லாரி ஒரு முட்டு முட்டியது. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. இன்ஜின் நின்றது.



பாய் கம்பியைப் பார்த்தார். அதில் இருந்த என் இரண்டு கைகளைப் பார்த்தார். அவருடைய கை டேஷ்போர்டு வரை போனது. தொடாமல் திரும்பி வந்து கதவைத் திறந்தது.

சின்னவர் ஓடி வந்தார். "க்யா ஹுவா பாய்? என்ன ஆச்சு?"

"கால் வழுக்கிட்டு மொதலாளி" என்றார் பாய். "கிளட்ச்ல நிக்கல."

"இல்லை, இல்லை" என்று நான் அலறினேன். "நான்தான். நான்தான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பயந்துட்டேன்."

சின்னவர் என்னைப் பார்த்தார். நெற்றியில் வீக்கம், மடியில் மரக்கட்டை. விழுந்து விழுந்து சிரித்தார். கம்பெனி டிரைவரும் சிரித்தார். "சார், அடுத்த வாரத்துக்கு மேட்டர் ரெடி பண்ணிட்டீங்க. பாய்க்காக நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க, அதான் சார் பெரிய மனசு."

அப்புறம் பாய் தோளில் கை போட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "டென்ஷன் வேண்டாம் பாய். வயசாச்சுல்ல, சகஜம். சண்டே நீங்க முன் சீட்ல ராஜா மாதிரி உக்காருங்க, மாலை போடறோம். இவர் ஓட்டட்டும்."

பாய் "செரி மொதலாளி" என்றார்.

கம்பெனி டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கோடவுனில் நிறுத்தியதும் பட்டென்று இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது ஒரு வண்டி. பாய் அந்த நேரத்துக்கு டீக்கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்க வராத மராத்தி போர்டு.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ஸ்டீயரிங் எங்கிட்டதான இருந்துச்சு?"

"பிரேக் என் கையில இருந்துச்சே."

"கிளீனர் செஞ்ச தப்ப டிரைவர் மொதலாளிட்ட சொல்ல மாட்டாம் தம்பி. கைகாட்டிட்டா அடுத்த டிரிப்புக்குக் கூட வருவானா?" கொஞ்சம் நிறுத்தி, என் நெற்றியைப் பார்த்தார். "எண்ணெய் தேச்சுக்கிடுங்க. கறுத்துரும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதும் ஏதாவது கிண்டல் செய்கிற மனுஷர். ஒரே ஒரு கிண்டல் செய்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு சின்னவருக்கு போன் செய்தேன். சிரித்தார். மறுபடி செய்தேன். "சார், லிஃப்ட் கதையை அம்மா படிச்சுச் சொன்னாங்க. அதைவிட இது டாப்" என்றார். நேரில் போனேன். என்னைப் பார்த்ததும் ஆபீஸில் நான்கு பேர் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தார்கள், கதை கேட்க. கை கூப்பி நான் சொன்னதைத் தத்ரூபமான நடிப்பு என்று பாராட்டி லஸ்ஸி வாங்கிக் கொடுத்தார்கள்.

என்ன செய்வது? இத்தனை வருஷமாக வாராவாரம் வேலை மெனக்கெட்டு நானேதான் இந்தப் பெயரைச் சம்பாதித்தேன். நான் உண்மை சொல்கிற அன்றைக்கு என்னை யாராவது நம்ப வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பாய் இப்போது தாராவியில் வீட்டில்தான் இருக்கிறார். மகளிடமும் கால் வழுக்கியதாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அவரைக் கால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கால் நன்றாக இருக்கிறதாம். வயதுக்கு மீறின பலமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே எழுதுகிறேன். மைதீன் பாய் கால் வழுக்கவில்லை. கிளட்ச் அவர் சொன்னபடி கேட்டது. கியர் அவர் நினைத்த இடத்தில் விழுந்தது. அந்த ஒரு நொடி வண்டி யார் கையிலும் இல்லை. நடுவில் புகுந்தது என் கை.

இன்று வெள்ளி. ஊர்வலம் ஞாயிறு. சின்னவர் மும்பையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், வாசிக்க வராது. இந்தப் பக்கத்தை எப்போதும் அவருக்கு வாசித்துக் காட்டுவது அவருடைய அம்மாதான்.

அம்மா, இந்த ஒரு வாரம் மட்டும் சிரிக்காமல் வாசித்துக் காட்டுங்கள்.