ஹிமேஜிக்குப் போய் ஒரு பகுதியோடு திரும்பியது

காலை 7.45. ஒசாகா நிலையத்திலிருந்து ஹிமேஜிக்கு 88 கிலோமீற்றர். விரைவு ரயிலில் ஒரு மணித்தியாலம், கட்டணம் 1,520 யென். அந்த நகரத்துக்கு எல்லோரும் வெள்ளைக் கோட்டை பார்க்கப் போகிறார்கள். நான் மருமகனை எரிக்கப் போனேன்.

மெல்பேர்ண் நோபல் பார்க்கில் வீட்டைப் பூட்டிவிட்டு, ஒசாகாவில் வேலை பார்க்கும் மகளோடு ஆறு மாதம் இருக்க வந்தவன் நான். என் தங்கச்சி சிவமலரின் ஒரே மகன் நிரோஜன் ஹிமேஜியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். வயது முப்பத்தொன்று. போன கிழமை நித்திரையிலேயே மாரடைப்பு. சிவமலரும் மெல்பேர்ணில்தான், டண்டினொங்கில் இருக்கிறாள். படகில் வந்தவர்களுக்குக் கொடுக்கும் தற்காலிக விசா. நாட்டை விட்டு வெளியேறலாம், திரும்ப உள்ளே வர முடியாது. மகனை நேரில் கண்டு பன்னிரண்டு வருடம்.

ரயில் ஏறமுன் அவள் அழைத்தாள்.

“அண்ணா, ஒண்டும் விடாமல் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. நான்தான் கண்ணால காணேல்ல. கையாலயாவது தொடவேணும்.”

“ஓம். எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு.”

ஒழுங்கு செய்துதான் இருந்தேன். இருபத்தாறு வருடம் அரச அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவன். மரணப் பத்திரம், தகன அனுமதி, மொழிபெயர்ப்பு, எல்லாவற்றிலும் மூன்று பிரதி. மரணச்சேவைக்காரர் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அஸ்தி முழுவதுமா, ஒரு பகுதியா? முழுவதும் என்றால் பெரிய குடம், பகுதி என்றால் சின்னக் குடம். விமானத்தில் கொண்டுபோகும் கைப்பையை நாடாவால் அளந்து பார்த்து, ‘ஒரு பகுதி’ என்பதில் அடையாளமிட்டேன். மெல்பேர்ணில் எல்லாவற்றையும் அரைத்து மாவாகத்தான் தருவார்கள். மாவில் கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

8.50. நிரோஜனோடு வேலை செய்த செல்வம் நிலையத்தில் நின்றார். தஞ்சாவூர்க்காரர். ஜப்பானிய மொழி நன்றாகக் கதைப்பார். டாக்ஸியில் ஏறியதும் சாரதி ஏதோ கேட்டார்.

“கோட்டைக்கான்னு கேக்குறாரு சார்.”

“இல்லையெண்டு சொல்லும்.”

இடத்தைச் சொன்னதும் சாரதி வானொலியை நிறுத்தினார். இருபது நிமிடம், 2,900 யென். வழியில் செல்வம் மட்டும் கதைத்தார். “நிரோதான் சார் எனக்கு மீன்குழம்பு கத்துக்குடுத்தான். உங்க ஊர் மிளகாத்தூள். ஒரு வாய் சாப்பிட்டு நாள் பூரா தண்ணி குடிச்சேன். அப்படிச் சிரிச்சான்.”

10.00. மலையடிவாரத் தகனசாலை மருத்துவமனைபோலச் சுத்தம். குறித்த நிமிடத்தில் இரும்புக் கதவு மூடியது. காத்திருப்பு அறையில் தேநீர் இயந்திரம், 130 யென். சில்லறை சரியாக வந்தது.

11.50. அழைத்தார்கள். தட்டில் கிடந்தது மாவல்ல. பாதம், முழங்கால், இடுப்பு, விலா, மண்டை என்று அவன் படுத்த ஒழுங்கிலேயே வெள்ளையாகக் கிடந்தான். அவன் உயரம்கூடத் தெரிந்தது. வெள்ளைக் கையுறை அணிந்த ஊழியர் நீண்ட குச்சிகளைத் தந்தார். இரண்டு பேர் சேர்ந்து ஓர் எலும்பைப் பிடித்துக் குடத்தில் இடவேண்டும். காலிலிருந்து தொடங்கவேண்டும், குடத்துக்குள் அவன் தலைகீழாக இருக்கக் கூடாதாம். செல்வமும் நானும் பாத எலும்பிலிருந்து தொடங்கினோம்.

பத்துப் பதினொரு துண்டு எடுத்திருப்போம். ஊழியர் மண்டையோட்டுத் துண்டு ஒன்றை மேலே வைத்து மூடியைப் போட்டார். தட்டில் தொடை எலும்பு இரண்டும் அப்படியே கிடந்தன.

“மிச்சம்?” என்றேன்.

“அவங்களே பாத்துக்குவாங்களாம் சார். இந்தப் பக்கம் அப்படித்தானாம்.”

“தாய் கேட்கிறா எண்டு சொல்லும். முழுக்க வேணும்.”

ஊழியர் குனிந்து வணங்கி, கோப்பைத் திறந்து படிவத்தைக் காட்டினார். என் அடையாளம். கீழே என் கையொப்பம், தெளிவாக. பெரிய குடம் முன்கூட்டியே சொன்னால்தான் வருமாம்.

செல்வம் தோள்பையைத் திறந்தார். “என் டிபன் பாக்ஸ் இருக்கு சார். கழுவித் தர்றேன்.”

ஊழியர் அதைப் பார்த்து இன்னும் ஆழமாகக் குனிந்தார். கையொப்பமிட்ட பிறகு மாற்ற இயலாது, மிகவும் வருந்துகிறோம். இதையே நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

தட்டு உள்ளே போனது.

பின்னேரம் 2.10, திரும்பும் ரயில். ஹிமேஜியில் கோட்டை இருக்கிறது. நிலைய வாசலில் நின்றாலே தெரியும். குடம் மடியில் இருந்தது, வெள்ளைத் துணி சுற்றி, ஒரு தேநீர்க் கோப்பையைவிடக் கொஞ்சம் பெரிதாக. மெல்பேர்ணில் தகனசாலையில் திரை மூடும், இரண்டு நாளில் கவுண்டரில் ஒரு பெட்டி தருவார்கள், யாரும் எலும்பைக் காண்பதில்லை. அதைக் குறை சொல்லியே வந்தவன் நான்.

அக்காசியில் கடல் தெரிந்தபோது தொலைபேசி அதிர்ந்தது.

“முடிஞ்சுதே அண்ணா?”

“முடிஞ்சுது.”

“நான் இங்க ஒரு பெரிய பானை வாங்கி மஞ்சள் துணி கட்டி வைச்சிருக்கிறன். எல்லாம் எடுத்தனீங்கள்தானே?”

எதிரே இருந்த கிழவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பிள்ளை, இங்க ரயிலுக்குள்ள ஃபோன் கதைக்கக் கூடாது. விதி. இறங்கிப்போட்டு எடுக்கிறன்.”

“ஓம் ஓம், பிறகு எடுங்கோ. நீங்கள் நிண்டபடியால்தான் எனக்குப் பயமில்லை.”

3.15. ஒசாகாவில் இறங்கினேன். மேடையில் தொலைபேசி பேசத் தடையில்லை. எடுக்கவில்லை.