ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகு, பாலக்கரையில் என் பஞ்சர் கடைக்கு வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. டியூபில் ஒட்டு வைக்கும்போது கை தவறும். "என்னண்ணே, காலையிலேயே ஏத்தியாச்சா?" என்பார்கள். குனிந்து ஒட்டைத் தேய்ப்பேன். பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோதும் எதுவும் கேட்க வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆஸ்பத்திரியில் பேசக் கூச்சம். அவரே ஒரு போன் நம்பரைக் கொடுத்தார்.

"இவருக்கும் இதே நோய்தான். ரொம்ப வருஷமா சமாளிக்கிறார். புதுசா வர்றவங்களுக்குத் தைரியம் சொல்லுவார். போய்ப் பாருங்க."

அந்த சார் திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் மனைவியோடு இருந்தார். நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து கதவைத் திறந்தார். காபியையும் அவரே கொண்டுவந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சத்தமா பேசுங்க தம்பி. கொசு பாடுற மாதிரி இருக்கு. இந்த நோய் குரலைத் திருடிடும்."

"எனக்கு முன்னாடியே இப்படித்தான் சார்."

"அப்போ திருட ஒண்ணுமில்ல. தப்பிச்சீங்க."

நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால், தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துத் தாண்டச் சொன்னார். சட்டைப் பொத்தானை உட்கார்ந்து போடச் சொன்னார். ஆனால் அவர் சொன்னதைவிட, அவர் நடந்ததுதான் எனக்குத் தைரியம். இத்தனை வருஷம் கழித்தும் மனிதர் இப்படி நடக்கிறார் என்றால் நானும் கடையை ஓட்டிவிடலாம். ஞாயிறுதோறும் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள், நான் வழக்கமான நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அதுல வேணாம். அவர் உட்காந்திருக்கார்," என்றார் சார்.

நாற்காலி காலியாக இருந்தது. அவரே சிரித்துவிட்டார். "யாரும் இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா தெரியுறாங்களே. ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சும்மா இருப்பாங்க. மாத்திரை அதிகமானா இப்படி ஆகுமாம்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"சொன்னா குறைச்சிடுவார். அப்புறம் இந்த நடை ஏது?" சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "நீங்க வர்ற நாள்ல ஒண்ணு கூடப் போட்டுக்குவேன். நான் தடுமாறினா நீங்க பயந்துடுவீங்க. இது நமக்குள்ள இருக்கட்டும். வீட்ல தெரிய வேணாம்."

நான் பார்த்துவந்த நடை எனக்காகப் போட்ட மாத்திரை. அடுத்த ஞாயிறு போகக்கூடாது என்று நினைத்தேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்று அவர் சிரிக்கவில்லை. கதவைத் தாழிட்டு, என் காதருகே வந்து பேசினார். "இப்ப ஞாயித்துக்கிழமைக்குன்னு இல்ல, அந்த ஆளுங்க தினமும் வர்றாங்க. யார் உள்ள விடுறான்னு கண்டுபிடிச்சிட்டேன். அவதான்." சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். பிறகு திண்டை லேசாகத் தூக்கினார். அடியில் காய் நறுக்கும் கத்தி இருந்தது.

உள்ளே சாரின் மனைவி, நான் அம்மா என்று கூப்பிடுகிறவர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்," என்று எழுந்தேன். பிற வீட்டுப் பெண்களோடு நான் தலை நிமிர்ந்து பேசியதில்லை. சமையலறை வாசலில் நின்றேன்.

"என்ன தம்பி, காபிக்கு அவசரமா?"

"இல்லம்மா. சார் மாத்திரை கூடப் போடுறார். ஆளுங்க தெரியுறாங்களாம். நீங்கதான் விடுறீங்கன்னு நெனைக்கிறார். திண்டுக்கு அடியில கத்தி இருக்கு."

அம்மா குழாயை மூடினார். "ரெண்டு நாளா அதைத்தான் தேடுறேன்," என்றார். அப்புறம், "எல்லாரையும் வெளிய போகச் சொல்லுன்னு நேத்து கையெடுத்துக் கும்பிட்டார் தம்பி. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

கூடத்தில் சத்தமே இல்லை. நாங்கள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

நான் போய் அவர் பக்கத்திலேயே, திண்டை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அம்மா கொல்லைப்புறம் போய் டாக்டருக்குப் போன் செய்தார். உடனே கூட்டிவரச் சொன்னாராம். ஆட்டோவில் ஏறும்போது சார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். டப்பா அம்மா கைக்குப் போனது. பத்து நாள் கழித்து நான் போனபோது கதவைத் திறந்தது அம்மா. சார் ஜன்னலோரம் இருந்தார். முகத்தில் அசைவே இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் தரையை விடவில்லை. நான் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்று என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வியர்த்தது.

"சொல்லிட்டீங்க," என்றார். குரல் மூச்சளவுதான் இருந்தது.

"ஆமா சார்."

"பாத்துக்குங்க. இதான் நான்."

"இப்பவும் தெரியுறாங்களா சார்?"

வெகுநேரம் என்னையே பார்த்தார். இமை கூட அசையவில்லை.

"நீங்க நெஜமாவே வந்திருக்கீங்களா?"

கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.