மிசாவோவின் வலது காது

மிசாவோ குரல் கொடுத்தால்தான் ஜாக்கி சுற்றும். அவள் சொன்னால்தான் நிற்கும். நிகாத்தா மலைப்பக்கத்தில் பழைய பண்ணை வீடுகளைத் தூக்கி நிமிர்த்தும் அந்தக் குழுவில் பதினோரு வருடமாக இதுதான் சட்டம். புருஷன் இறந்தபின் அவனுடைய இடத்தில் அவள் நின்றபோது, "பொம்பள குரலுக்கா நாம சுத்துறது?" என்று முணுமுணுத்தவன் கொழுந்தன் ஹாச்சிரோ. மூன்றே வீடுகளில் அவன் வாயை அடைத்துவிட்டாள். ஆணி இல்லாமல் மரத்துக்குள் மரம் கோத்துக் கட்டிய வீடுகள் அவை. தூக்கும்போது எங்கே இறுகுகிறது, எங்கே பிளக்கப் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். சொல்லுவாள்.

போன வருடம் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த இடமும் போனால் தனக்கு என்ன மிச்சம் என்ற பயம். ஒற்றைக் காதை வைத்தே இரண்டு வீடுகளைத் தூக்கிவிட்ட தைரியம் வேறு. அசட்டுத் தைரியம்தான்.

அன்று தூக்கியது ஃபுமியேயின் வீடு. புகையில் கறுத்துப்போன அதன் உத்திரத்தைப் பார்த்த அன்றே டோக்கியோவில் நர்ஸ் வேலையை உதறிவிட்டு வந்து அதை வாங்கியவள் அவள். இடித்துத் தள்ளு என்று ஊரே சொல்லியும் கேட்கவில்லை. தூண்களின் அடி உளுத்திருந்தது. பனி விழுவதற்குள் வீட்டைத் தூக்கி, அடியை வெட்டிப் புது மரம் பொருத்தியாக வேண்டும். பார்க்கத் தைரியமில்லாமல் ஃபுமியே வாசல் சீமைப்பனிச்சை மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றாள்.

"அரைச் சுத்து!"

ஜாக்கிகளைப் பிடித்திருந்த எட்டுப் பேரும் சுற்றினார்கள். வீடு முனகியது. மிசாவோ கண்ணை மூடிக் கேட்டாள்.

"அரைச் சுத்து!"

இந்த முறை உத்திரத்திலிருந்து கரி உதிர்ந்தது. கண்ணைத் திறந்தாள். வலது பக்கச் சுவரில் மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஜாக்கியைப் பிடித்திருந்த ஹாச்சிரோவின் முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்து! ஹாச்சிரோ, என்ன சத்தம் வந்துச்சு?"

"என்ன அண்ணி கேக்குறீங்க? ரெண்டு தரம் வெடிச்சுதே! முதல் தரமே கேட்டுச்சு. நீங்க மேல சுத்தச் சொன்னதால சரியாத்தான் இருக்கும்னு சுத்தினோம்."

எட்டு ஆண்களும் கேட்டிருக்கிறார்கள். அவளை நம்பி வாயைத் திறக்கவில்லை, மடையர்கள். மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தலைக்கு மேலே கூரை நின்றது.

"எனக்கு வலது காது கேக்காதுடா. ஒரு வருஷமாச்சு. எங்கேயிருந்து வந்துச்சு, சீக்கிரம் சொல்லு!"

திட்டுவான் என்று நினைத்தாள். அவன் கடப்பாரையை எடுத்துத் தூணை ஒட்டியிருந்த பலகையைப் பெயர்த்தான். உள்ளே, பின்னால் ஒட்டிக் கட்டிய குளியலறைக்காக யாரோ தூணைத் தரையோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். தூணில் விரல் நுழையும் அளவு விரிசல். இன்னும் ஓர் அரைச் சுற்று சுற்றியிருந்தால் கூரை மொத்தமும் அவர்கள் தலையில்தான்.

பட்டையை அறுத்து, விரிசலைச் சங்கிலியால் வரிந்து கட்டினார்கள். பிறகு எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் போய் ஹாச்சிரோவின் ஜாக்கிப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய் நில்லு."

"நானா?"

"இத்தனை வருஷம் ஆசைப்பட்டுட்டு இப்ப என்ன கால் நடுங்குது?"

அவன் போய் நடுவில் நின்றான். "அரைச் சுத்து!" குரல் பிசிறியது.

"அவசரப்படாதடா, முதல்ல நல்லா கேட்டுட்டு..."

"அண்ணி, வாய மூடிட்டு சுத்துங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் எரிந்தது. சுற்றினாள். தூண் அடிக்கல்லைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது.

"சத்தம் ஏதாவது வந்துச்சா?" என்று பக்கத்து ஜாக்கிக்காரனிடம் மெல்லக் கேட்டாள்.

"இல்லக்கா."

அவன் சொன்னதை நம்பித்தான் அடுத்த அரைச் சுற்றைச் சுற்ற வேண்டியிருந்தது.