தேய்த்துக் கழுவிய பாறை

டெல்லி மந்திர் மார்க்கில் வாளியோடு நடந்துகொண்டிருந்தேன். வாளியில் ஈரக் கோணி சுற்றிய பாறைத் துண்டுகள். கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸ் ஒன்றிலிருந்து அவற்றைக் கரோல் பாக் வளர்ப்பு மீன் கடைக்கே திருப்பி எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வாளியை ஏற்ற விடவில்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். நாக்பூர், ஜான்சி ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு அந்தக் கடையில் சேர்ந்திருந்தேன். பின்னறையில் தொட்டி மோட்டார்களின் சத்தத்தில் படுத்துக்கொள்ளலாம். டெல்லி ஜனவரியில் அது போதும். கோல் மார்க்கெட் தொட்டிதான் கடை விற்ற முதல் உப்புநீர்த் தொட்டி. அது கெட்டால் உனக்கு வேலையும் இல்லை, பின்னறையும் இல்லை என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

உப்புநீர்த் தொட்டியில் உடனே மீன் விட முடியாது. முதலில் கடலிலிருந்து வந்த பாறையைப் போட வேண்டும். லைவ் ராக் என்பார்கள். வழியில் செத்த புழுக்களும் கடற்பஞ்சும் அதன் பொந்துகளில் அழுகி நீரில் நஞ்சு ஏறும். பிறகு அதே பாறையில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா பெருகி அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நாறும். நான் அவ்வப்போது போய்க் குப்பியில் நீர் எடுத்து மருந்து விட்டுப் பார்ப்பேன். பச்சை தெரிந்தால் நஞ்சு, மஞ்சள் என்றால் மீன் விடலாம். அந்த வாரம் பச்சை வெளிறத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்காரர் மத்திய அரசு அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்து சைவக் குடும்பம். அன்று நான் போனபோது பாறைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. அதிகாரியின் மனைவி பெருமையாகத்தான் காட்டினார்.

"வீச்சம் தாங்கல தம்பி. வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தணும்லா? எல்லாத்தையும் வெளிய எடுத்து வெந்நிய ஊத்தி, தேங்கா நாரு போட்டுத் தேச்சேன். அழுக்குன்னா அப்படி ஒரு அழுக்கு. நீங்கள்லாம் கடையில கழுவவே மாட்டியளோ?"

அந்த அழுக்கில்தான் உயிர் இருந்தது, இனி இது வெறும் கல் என்று விளக்கினேன்.

"அப்பொ புழுவயா வீட்டுக்குள்ள வளக்கச் சொல்லுதிய?"

காப்பி கொடுத்தார், குடித்தேன். கல்லை எடுத்துப் போகச் சொன்னார்.

நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதிகாரியின் போன் வந்துவிட்டது. செத்த பாறையைத் தலையில் கட்டிவிட்டதாகப் புகார். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் நம்பினார். நம்பிவிட்டு, அதிகாரியின் மனைவியை என்னால் வேலையிலிருந்து நிறுத்த முடியாது, உன்னைத்தான் முடியும் என்று இந்தியில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போர்வையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையற்கட்டில் ஆள் கேட்டார்கள். தலைமைச் சமையல்காரர் தஞ்சாவூர்க்காரர்.

"நல்லாத் தேய்ப்பியா?" என்றார்.

தேய்ப்பேன் என்றேன். அடி பிடித்த அண்டா ஒன்றைக் காட்டி, கையில் தேங்காய் நாரைக் கொடுத்தார்.