துண்டிப்பதற்கு முன் ஒரு போன்

அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளின் கணினிகளுக்குள் யாராவது திருட்டுத்தனமாக நுழைகிறார்களா என்று அங்கே நாள் முழுக்கக் கண்காணிப்பார்கள். அவர்கள் பார்க்கும் திரையை வடிவமைப்பது என் வேலை. பழைய திரையில் எங்கு பார்த்தாலும் சிவப்பு. திருவிழா சீரியல் செட்டு விளக்கே தோற்றுப்போகும். புதிதாக வரையும் முன், ஆட்டையாம்பட்டியிலிருந்து வரும் கண்காணிப்பாளர் பெண்மணியின் பக்கத்தில் ஒரு நாள் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

நாமக்கல் மருத்துவமனை ஒன்றின் கணினிக்குள் எவனோ நுழைந்துவிட்டான். திரையில் அந்தக் கணினிக்கு ஒரு எண் மட்டுமே. அருகிலேயே ‘துண்டி’ என்ற பொத்தான். அழுத்தினால் அந்தக் கணினிக்கு எந்தத் தொடர்பும் இருக்காது, திருடனும் வெளியே. எனக்குக் கை பரபரத்தது. அவரோ போனை எடுத்தார்.

“ஏனுங்க சிஸ்டர், இந்த நம்பர் கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்குதுங்க? நிறுத்தலாமுங்களா?”

எண்ணைக் கேட்டதும் நர்ஸ் பதறினார். “அய்யோ, நிறுத்திறாதீங்க சாமி! ஆப்பரேசன் நடக்குதுங்க. டாக்டர் அதுல ஸ்கேன் படத்தப் பாத்துட்டேதான் பண்றாருங்க.”

துண்டித்தால் டாக்டருக்குப் படம் போய்விடும். விட்டால் திருடன் மருத்துவமனையையே முடக்கிவிடுவான். கண்காணிப்பாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. படம் வரும் வழியை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கணினியிலிருந்து கிளம்பும் மற்ற வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். அவன் முட்டிப் பார்த்த இடமெல்லாம் அடைபட்டிருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வேகமும் இத்தனை பொறுமையும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பேசினால் கெட்டுவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

போன் அடித்தது. “தையல் போட்டாச்சுங்க. இனி நிறுத்திக்கோங்க.”

அப்போதுதான் பொத்தானை அழுத்தினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மதியம் நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். “பேசன்ட்டு கண்ணு முழிச்சிட்டாருங்க. டீ கேக்கறாருங்க.”

கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. அன்று சாயங்காலமே புதிய திரையை வரையத் தொடங்கினேன். பொத்தானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, அதற்கு மேலே வரவேண்டிய வரியை முதலில் எழுதினேன்: “ஆப்பரேசன் தியேட்டர். உள்ளே ஒருவர் இருக்கலாம்.”