இட்லிக்கு சோடா விற்ற சீசன்

தென்காசி வட்டாரத்தில் அந்த சோடா ஓடாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லட்டும். காலையில் இட்லியோடு ஐஸில் வைத்த சோடாவைக் குடிக்கிற ஊர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

பழுப்பு நிறம், பல் கூசும் இனிப்பு, மூக்கில் ஏறும் கேஸ். காபியில் இருக்கும் அதே கஃபீன் இதிலும் இருக்கிறது, அதனால் காபி குடிக்கும் நேரத்தில் இதைக் குடிக்க வைத்துவிடலாம் என்பது கம்பெனியின் யோசனை. அதை விற்க என்னைச் சேர்த்தார்கள். ஆறு மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. விடியற்காலையில் பொம்பளை ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதா என்று வீட்டில் ஆளுக்கொன்று பேசினார்கள். எல்லோரிடமும் சண்டை போட்டுத்தான் கிளம்பினேன். அதனாலேயே அந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்று ஒரு வெறி.

முதலில் தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிபன் கடைகளில், இட்லி வாங்கினால் ஒரு சின்ன பாட்டில் இலவசம் என்று கொடுத்துப் பார்த்தோம். இட்லியைத் தின்றார்கள், பாட்டிலைப் பைக்குள் போட்டார்கள், ஒரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அடுத்து செங்கோட்டை ஸ்டேஷன் வாசல். கொல்லம் ரயிலுக்கு வந்தவர் ஒருவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பால் விடாத கட்டன் சாயா எங்கே கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார். வழி காட்டினேன். வேறென்ன செய்வது.

மூன்றாவது குற்றாலம் ஐந்தருவி. நல்ல சீசன், விடாத சாரல். சென்னையிலிருந்து வந்த மேலதிகாரிக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "காலைல ஆறு மணிக்கே இவ்ளோ பேர் முழிச்சிருக்காங்க, வேற என்ன மேடம் வேணும்?" என்றார். தலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் ஜில்லென்று எதையும் தொடமாட்டார்கள், சளி பிடித்துக்கொள்ளும் என்று எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் பழைய நம்பிக்கை, நீங்கள்தான் மாற்ற வேண்டும் என்றார். மாற்றுவதற்கு ஒரு மடக்கு மேஜையும் பேப்பர் கப்புகளும் கொடுத்தார்.

பக்கத்து டீக்கடை அண்ணாச்சி முதல் நாளே கேட்டுவிட்டார். "ஏம்மா, நடுங்கிக்கிட்டு வாரவன் கையில ஐஸக் குடுக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"ஒங்க யாவாரத்தப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மூன்றாம் நாள் ஒரு அம்மா, ஈரத் தலையோடு, துண்டில் சுற்றிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு என் மகள் வயதுதான், ஏழு இருக்கும். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் கப்பைப் பார்த்ததும் கையை நீட்டியது. அம்மா தடுத்தாள்.

"எண்ணெ தேச்சுக் குளிச்ச பிள்ளைக்கு இதக் குடுக்கலாமாக்கா? ஒங்க பிள்ளைக்குக் குடுப்பியளா?"

என் மகள் காலையில் குடிப்பது சூடான பால். இந்த சோடாவை அவள் கண்ணில்கூட நான் காட்டியதில்லை.

"எம் மக தெனமும் காலையில இதத்தான் குடிக்கா" என்றேன். சொல்ல ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த அம்மா என்னை நம்பினாள். பிள்ளை ஒரே மடக்காகக் குடித்து, புரையேறி, சோடா மூக்கு வழியாக வர அழுதது.

மேலதிகாரி அதைப் போனில் வீடியோ எடுத்திருக்கிறார் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. என்னோடு விற்பனையில் இருந்த மற்ற எட்டுப் பேரையும் மேஜையைச் சுற்றி நிறுத்தி அதைப் போட்டுக் காட்டினார். புரையேறுவதற்கு முன்பே வெட்டியிருந்தார். எல்லோரும் இப்படித்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நாளைக்கு உங்க பொண்ணக் கூட்டிட்டு வாங்க. அருவி பின்னாடி தெரியணும், இட்லி சாப்பிட்டுக்கிட்டே இதக் குடிக்கட்டும். உங்க வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

"அவ வரமாட்டா சார்."

"ஒரு வாய்தான மேடம்."

"நான் வேணா ஒரு பாட்டில் முழுசாக் குடிக்கேன், எடுத்துக்கோங்க. அவ குடிக்க மாட்டா."

"தினமும் குடிக்கிறான்னு நீங்கதான சொன்னீங்க?"

எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். அண்ணாச்சியும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பொய் சொன்னேன் சார். எம் மக இத ஒரு நாளும் குடிச்சதில்ல, குடிக்கவும் விடமாட்டேன். நீங்க ஒங்க பிள்ளைக்குக் குடுப்பியளா?"

அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கம்பெனித் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அந்த வாரமே வேலை போனது. அப்பவே சொன்னோமே என்று வீட்டில் ஆரம்பித்தவர்களிடம், அடுத்த வேலைக்கும் ஸ்கூட்டரில்தான் போவேன் என்று சொன்னேன். போய்க்கொண்டும் இருக்கிறேன்.

கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் வேலையாவது தங்கியிருக்கும் என்று கூட வேலை பார்த்தவள் ஒருத்தி சொன்னாள். கம்பெனியிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும் பாக்கி இல்லை. தொப்பியைக் கழற்றிய அன்று மத்தியானம் வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஈரத் தலையோடு போகிற ஒவ்வொரு அம்மாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொய்யை நம்பிய அந்த அம்மா வரவில்லை. எந்த ஊர்க்காரி என்றும் தெரியாது. ஐந்தருவியில் ஒரு அக்கா தன் பிள்ளைக்கே குடுக்காளாம் என்று நம்பி, அவள் தன் மகளுக்கு இன்னும் அதை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.